மஞ்சள் காட்டுப்பூவைப் புற ஊதாவில் எடுத்தேன், இலை ஏன் வெள்ளையாக இருக்கிறது?

தும்பிப்பிடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இன்றுதான் முதல் இழையைத் தொடங்குகிறேன்.

பாதை ஓரத்தில் தானாக முளைத்த ஒரு மஞ்சள் பூ. சுமார் 3 செ.மீ. அகலம், 5 இதழ். இலை கேரட் இலை மாதிரி நுணுக்கமாகப் பிளந்திருக்கும். இதழ் நுனியிலிருந்து அடிவரை ஒரே மஞ்சள், நடுவட்டமும் மஞ்சள். நம் கண்ணுக்கு ஒரு கோடுகூடக் கிடையாது. இப்படி வெறும் மஞ்சளாகத் தெரியும் பல பூக்களில் தேனீக்கு மட்டும் ஒரு கரு வட்டம் தெரியும் என்று படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது.

பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றின் சென்சார் முன்னால் இருந்த தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு முழு அலைவரிசைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். லென்ஸ் புது 100 மி.மீ. மேக்ரோ. புற ஊதாவை மட்டும் விடும் என்று சொல்லி விற்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் ஒன்று வாங்கினேன். முக்காலியை அசைக்காமல் இரண்டு படம்:

முதல் படம், சாதாரண ஒளி. எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 1/250 நொடி.
இரண்டாவது, கறுப்பு ஃபில்டரோடு. எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/60 நொடி.

இரண்டாவதில் பூ முழுக்க வெளிறிப்போய் இருக்கிறது. இலையும் வெள்ளை. கரு வட்டம் எங்கேயும் இல்லை. இந்தப் பூவுக்கு அப்படி ஒன்று கிடையாதா?

சும்மா_வந்தேன் எழுதியது:

செடி மேல் பனி பெய்த மாதிரி இருக்கிறது. எனக்கு விஷயம் தெரியாது, ஆனால் படம் அழகு.

பழைய_லென்ஸ் எழுதியது:

அழகுதான். ஆனால் அது புற ஊதா இல்லை தம்பி, அகச்சிவப்பு.

பூவை விடுங்கள், முதலில் இலையைப் பாருங்கள். பச்சை இலை புற ஊதாவைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். உண்மையான புற ஊதாப் படத்தில் இலை கரி மாதிரி இருக்க வேண்டும். அகச்சிவப்பில் நேர் எதிர்: இலைக்குள் இருக்கும் செல்களும் காற்றறைகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் வெள்ளை வெளேரென்று வரும். உங்கள் படத்தில் இலை சாட்சி சொல்லிவிட்டது.

இரண்டாவது சாட்சி 1/60 நொடி. வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 400 வைத்து, அதுவும் புது மேக்ரோ லென்ஸில், புற ஊதாப் படம் 1/60இல் கிடைத்தது என்றால் நான் என் முக்காலியை விற்றுவிடுவேன்.

என்ன நடக்கிறது என்றால், இந்த வகைக் கறுப்புக் கண்ணாடி (யூஜி11 என்பார்கள், அதே குணமுள்ள வேறு பெயர்களிலும் வரும்) புற ஊதாவை விடும், அதோடு 700 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில், அதாவது அகச்சிவப்பு தொடங்கும் இடத்தில், இன்னொரு சன்னலையும் திறந்து வைத்திருக்கும். கசிவு கொஞ்சம்தான். ஆனால் சிலிக்கான் சென்சாருக்கு அந்தப் பக்கம்தான் கூர்மை அதிகம், வெயிலிலும் அந்தப் பக்கம்தான் சரக்கு அதிகம். புற ஊதாவோ லென்ஸின் கண்ணாடியிலும் பூச்சிலும் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்கிறது. கடைசியில் கசிந்தது மட்டும் படமாகிறது.

என்னை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கறுப்பு ஃபில்டருக்கு முன்னால் ஓர் அடர் சிவப்பு ஃபில்டரையோ அகச்சிவப்பு ஃபில்டரையோ வைத்து அதே படத்தை அதே அளவுகளில் எடுங்கள். சிவப்பு ஃபில்டர் புற ஊதாவை அடைத்துவிடும். அப்போதும் பூ தெரிந்தால் அது கசிவு.

தும்பிப்பிடி எழுதியது:

இப்போதுதான் எடுத்துவிட்டு வந்தேன். சிவப்பு ஃபில்டரை வைத்தும் பூ அப்படியே தெரிகிறது. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

ஆக இரண்டு வாரமாக நான் எடுத்த 140 படமும் அகச்சிவப்பு. "புற ஊதா" என்று பெயர் வைத்த ஃபோல்டரைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

பழைய_லென்ஸ் எழுதியது:

அழிக்காதீர்கள், ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றுங்கள். இந்தக் குழியில் விழாமல் இந்த வேலைக்குள் வந்தவர் யாரும் இல்லை. நான் விழுந்தபோது எடுத்துச் சொல்லக்கூட ஆளில்லை.

வழி இரண்டு. ஒன்று, உங்கள் கறுப்புக் கண்ணாடியோடு எஸ்8612 என்ற நீலப்பச்சைக் கண்ணாடியைச் சேர்த்து அடுக்குவது. அது சிவப்பையும் அகச்சிவப்பையும் அடைத்து, புற ஊதாவை விட்டுவிடும். இரண்டாவது, பாடர் வீனஸ் ஃபில்டர். வெள்ளிக் கோளின் மேகங்களைப் படம் பிடிக்க வானியல்காரர்களுக்காகச் செய்தது. 350 நானோமீட்டரை ஒட்டித் திறக்கும், மற்ற இடத்தில் நன்றாக மூடியிருக்கும். பூக்காரர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

அடுத்தது லென்ஸ். புது மேக்ரோ எவ்வளவு உசத்தியோ புற ஊதாவுக்கு அவ்வளவு ஆகாது. பத்துப் பதினைந்து கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் பல அடுக்குப் பூச்சு, நடுவில் ஒட்டுப் பசை. எல்லாமாகச் சேர்ந்து 380க்குக் கீழே கதவைச் சாத்திவிடும். கண்ணாடி குறைவாக உள்ள எளிய பழைய லென்ஸ்தான் இங்கே ராஜா. இருட்டறையில் படம் பெரிதாக்கப் பயன்பட்ட இஎல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப்/5.6, அதிலும் பழைய உலோக உடம்புக்காரன், பலருக்கும் முதல் புற ஊதா லென்ஸ். அதில் ஃபோகஸ் வளையம் இருக்காது, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுக் குழாய் (ஹெலிகாய்டு) ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். குவார்ட்ஸும் ஃப்ளோரைட்டும் கொண்டு இதற்கென்றே செய்த யூவி-நிக்கோர் 105 மி.மீ. என்று ஒன்று உண்டு. அதன் பக்கம் போகாதீர்கள். விலையைக் கேட்டால் பூ மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

இரவல்கேமரா எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? 365 நானோமீட்டர் டார்ச் ஒன்று போதும். நேற்று இரவு இருட்டறையில் பூ மேல் அடித்துச் சாதாரண கேமராவிலேயே எடுத்தேன். படம் இணைத்திருக்கிறேன். மகரந்தம் எப்படி மினுங்குகிறது பாருங்கள்! தேனீயின் கண்ணுக்கு இப்படித்தான் தெரியும்.

பழைய_லென்ஸ் எழுதியது:

படம் அருமை. ஆனால் அது வேறு வேலை. நீங்கள் எடுத்தது ஒளிர்வு: பூ மேல் புற ஊதா விழுகிறது, பூ அதை உறிஞ்சிக்கொண்டு நீலமாகவோ பச்சையாகவோ கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கக்குகிறது, கேமரா அதைப் பிடிக்கிறது. தும்பிப்பிடி தேடுவது, பூவில் பட்டுப் புற ஊதாவாகவே திரும்பி வரும் ஒளியை. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேனீ பகல் வெயிலில் பறக்கிறது. அந்த வெளிச்சத்தில் உங்கள் மகரந்த மினுக்கம் சூரியனுக்கு முன்னால் மின்மினி.

இரவல்கேமரா எழுதியது:

உறிஞ்சும் இடம்தானே ஒளிரும்? அப்படியானால் ஒளிர்வுப் படமும் மறைமுகமாக அதே வட்டத்தைக் காட்ட வேண்டும் அல்லவா?

இதழியல் எழுதியது:

நல்ல கேள்வி. உறிஞ்சினால்தான் ஒளிரும் என்பது சரி. ஆனால் உறிஞ்சியதெல்லாம் ஒளிராது. பல நிறமிகள் வாங்கிய ஆற்றலை வெப்பமாக மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இதழின் அடியில் கரு வட்டம் போடும் நிறமிகளில் பலதும் அப்படித்தான். அதனால் இரண்டு படத்தையும் எடுக்கலாம், ஒன்றை வைத்து மற்றதைத் தீர்மானிக்கக் கூடாது.

இன்னொன்று, 365 டார்ச்சைக் கையாளும்போது கண்ணுக்குப் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி போடுங்கள். மங்கலாகத் தெரிகிறதே என்று உற்றுப் பார்ப்பதுதான் ஆபத்து.

(என் புனைபெயரைப் பார்த்துவிட்டுச் செய்தி கேட்டு வராதீர்கள். நான் பார்ப்பது பூவிதழ்.)

சும்மா_வந்தேன் எழுதியது:

நான் செய்தி கேட்கத்தான் வந்தேன்.

தும்பிப்பிடி எழுதியது:

பதினொரு நாள் கழித்து வருகிறேன். இஎல்-நிக்கோர் கிடைத்தது, எஸ்8612 கண்ணாடியும் வந்தது. சிவப்பு ஃபில்டர் சோதனையை முதலில் செய்தேன்: வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

ஆனால் எடுப்பது பெரும்பாடு. எஃப்/8, ஐஎஸ்ஓ 800, நல்ல வெயிலில் 2 நொடி. கணக்குப் போட்டேன்: முந்தைய படத்தைவிட 240 மடங்கு ஒளி தேவைப்பட்டிருக்கிறது. லென்ஸ் வேறு மாறிவிட்டது, இருந்தாலும் எவ்வளவு அகச்சிவப்பு கசிந்திருக்கிறது என்பது உறைத்தது. 2 நொடி என்றால் காற்று எமன். எனக்குத் தெரியாத காற்றெல்லாம் பூவுக்குத் தெரிகிறது. தண்டை ஒரு குச்சியோடு கிளிப் போட்டு நிறுத்தி, விடிந்து சற்று நேரத்தில் காற்று எழும்புவதற்கு முன் போனேன். அப்போது புற ஊதா குறைவு என்பதால் நொடி கூடிவிட்டது. அப்புறம் மறுபடி பகலில் போய், அட்டையால் மறைவு கட்டி, 30 எடுத்ததில் 4 தேறியது.

சாதாரண ஒளியில் பிடித்த ஃபோகஸ் புற ஊதாவில் நிற்பதில்லை. ஃபில்டரை மாட்டிய பிறகு ஐஎஸ்ஓவை உச்சத்துக்கு ஏற்றித் திரையில் பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கப் பார்த்துப் பிடித்தேன்.

வெள்ளைச் சமனுக்கு (எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்ட) முதலில் வெள்ளைத் தாளை வைத்தேன். படத்தில் தாள் கறுத்துப்போய்விட்டது. தாளில் இருக்கும் வெளுப்பூட்டி புற ஊதாவை விழுங்கிவிடும் என்று பழைய இழை ஒன்றில் படித்தேன். பிறகு குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை அட்டையில் பத்துச் சுற்று சுற்றி வைத்தேன். அது புற ஊதாவிலும் வெள்ளையாகவே நிற்கிறது. கேமராவால் அந்த அளவுக்குச் சமன் செய்ய முடியவில்லை, ரா ஃபைலைக் கணினியில் திறந்து செய்தேன்.

சரி, பூ. ஒவ்வோர் இதழிலும் நுனிப் பக்கம் வெளிச்சம், அடிப்பக்கம் மை. நடுவட்டமும் மை. ஐந்து இதழும் சேர்ந்தால் நடுவில் கறுப்பாக ஒரு பெரிய பொட்டு. பொட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி இல்லை. இதழின் நரம்பு வரிகளை ஒட்டிக் கறுப்பு கொஞ்சம் மேலே ஏறி, இடையில் இறங்கி, ஈரம் ஊறிய துணியின் ஓரம் மாதிரி இருக்கிறது. இலை கரி. ஓர் இதழின் நுனியைப் பூச்சி கடித்திருந்தது. அதே கடியைச் சாதாரண ஒளிப் படத்திலும் பார்த்தபோதுதான் இரண்டும் ஒரே பூ என்று மனது ஒப்புக்கொண்டது.

ஒரு சந்தேகம். டெஃப்லானை வைத்துச் சமன் செய்த பிறகு நுனிகள் வெளிறிய மஞ்சளாக வருகின்றன. புற ஊதாவிலும் மஞ்சளா?

பழைய_லென்ஸ் எழுதியது:

சபாஷ். 30க்கு 4 நல்ல கணக்கு.

அந்த மஞ்சளுக்கு அர்த்தம் தேடாதீர்கள். சென்சாரின் மேல் உள்ள சிவப்பு, பச்சை, நீலச் சாயங்கள் புற ஊதாவைக் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட அளவில் விடுகின்றன. அந்த வேறுபாட்டைச் சமன் செய்யும்போது கிடைக்கும் பொய் நிறம் அது. நார்வேக்காரர் பியோர்ன் ரோர்ஸ்லெட் இந்தப் பாணியில் எடுத்த பூப் படங்களைப் பார்த்துத்தான் எங்களில் பலர் இதற்குள் வந்தோம், அதனால் அந்த நிறத்தின் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் ஒருவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவேன். இருக்கிறது, இல்லை என்பதை மட்டும் அது சொல்லும், அதற்கு மேல் கதை கட்டாது.

இதழியல் எழுதியது:

படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நுணுக்கமாகப் பிளந்த இலை, 5 இதழ், நுனிவரை மஞ்சள்: இது பைடன்ஸ் ஃபெருலிஃபோலியா. சூரியகாந்திக் குடும்பம். பிறப்பிடம் மெக்சிகோவும் அதை ஒட்டிய பகுதியும், ஆனால் தொட்டிச் செடியாக உலகம் முழுக்கப் போய்விட்டது. உங்களுடையது எங்கோ தொட்டியிலிருந்து தப்பி வந்ததாக இருக்கலாம். (நீங்கள் இதழ் என்பது தனித்தனிப் பூ. நடுவட்டமும் பூக்களின் கூட்டம். இங்கே சண்டை வேண்டாம், இதழ் என்றே சொல்வோம்.)

நுனியின் மஞ்சள் கரோட்டினாய்டு. அது நீலத்தையும் ஊதாவையும் விழுங்கும், புற ஊதாவைத் திருப்பி அனுப்பவிடும். அடியில் இருக்கும் மஞ்சளில் சால்கோன், ஆரோன் என்ற வேறு நிறமிகளும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஆந்தோகுளோர் என்பார்கள். இவை புற ஊதாவையும் விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சளாக இருப்பது தற்செயல், தேனீக்கு இரண்டும் இரண்டு நிறம்.

எல்லா மஞ்சள் பூவிலும் இதே சரக்கு என்று நினைக்க வேண்டாம். ருட்பெக்கியா என்ற இன்னொரு மஞ்சள் பூவின் கரு வட்டத்துக்கு ஃபிளவனால் என்ற வேறு வகை நிறமிகள் காரணம் என்று தாமஸ் ஐஸ்னர் குழு 1972இல் சயன்ஸ் இதழில் எழுதியது. சூரியகாந்தியிலும் ஃபிளவனால்தான், 2022இல் அதற்குப் பின்னால் உள்ள மரபணுவையே கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு: வறண்ட இடத்துச் சூரியகாந்திகளில் கரு வட்டம் பெரிதாக இருக்கிறது, இதழிலிருந்து நீர் போவதை அது குறைப்பதாகத் தெரிகிறது. தேனீக்கு வழிகாட்டி என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

இரவல்கேமரா எழுதியது:

அப்படியானால் தும்பிப்பிடியின் இந்தப் படம்தானே தேனீ பார்ப்பது? வெளிச்ச நுனி, கறுப்புப் பொட்டு.

இதழியல் எழுதியது:

இல்லை. இந்த வாக்கியம் எங்கே பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும்.

தேனீயின் கண்ணில் ஒளியை உணரும் ஏற்பிகள் மூன்று வகை. உச்சம் ஏறக்குறைய 344, 436, 544 நானோமீட்டரில்: புற ஊதா, நீலம், பச்சை. நம்மைப் போலவே மூன்று, வரிசைதான் ஒரு படி கீழே தள்ளி இருக்கிறது. தும்பிப்பிடியின் படம் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. தேனீ மூன்றையும் சேர்த்தே பார்க்கும். பொட்டு அதற்குக் கறுப்பு இல்லை: அங்கே பச்சை ஏற்பி மட்டும் தூண்டப்படும். நுனியில் பச்சையும் புற ஊதாவும் சேர்ந்து தூண்டப்படும், அந்தக் கலவையைத் தேனீ ஊதா என்பார்கள். அது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், நம் தலைக்குள் அதற்கு இடமில்லை.

பார்வைக் கூர்மையும் வேறு. தேனீயின் கூட்டுக்கண் உலகத்தை ஏறக்குறைய 1 பாகைப் புள்ளிகளாகப் பார்க்கிறது. நிறத்தை வைத்து ஒரு வட்டத்தைக் கண்டுகொள்ள அது 15 பாகை அகலமாவது தெரிய வேண்டும் என்று பயிற்சி கொடுத்த தேனீக்களை வைத்துக் கண்டிருக்கிறார்கள். பச்சை ஏற்பியின் வேறுபாட்டை மட்டும் வைத்துக் கண்டுகொள்ள 5 பாகை போதும். 3 செ.மீ. பூவுக்குக் கணக்குப் போட்டால், 34 செ.மீ. தூரத்தில் ஏதோ ஒன்று இருப்பது தெரியும், 11 செ.மீ. நெருங்கினால்தான் நிறம் தெரியும். பொட்டு அதற்கும் சின்னது என்பதால் இன்னும் கிட்டே போக வேண்டும். தும்பிப்பிடி நரம்பு வரியை ஒட்டிக் கறுப்பு ஏறி இறங்குவதை வர்ணித்தாரே, அது தேனீக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அது மனிதக் கண்ணுக்குக் கிடைத்த இனாம்.

சும்மா_வந்தேன் எழுதியது:

கேமராவும் ஃபில்டரும் வாங்காமல் இந்தப் பொட்டைப் பார்க்க வழியே இல்லையா? கையில் போன் மட்டும் இருப்பவனின் கேள்வி.

இதழியல் எழுதியது:

மற்ற பூவாக இருந்தால் இல்லை என்றிருப்பேன். இந்தப் பூவுக்கு இருக்கிறது!

ஆந்தோகுளோர் காரத்தில் பட்டால் ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். கரோட்டினாய்டு மாறாது. மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அம்மோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து, பூவைக் கரைசல் படாமல் மேலே தொங்கவிடுங்கள். ஆவி போதும். வெட்டவெளியில் செய்யுங்கள், ஜாடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பக்கத்தில் பிளீச்சிங் சமாச்சாரம் எதுவும் இருக்கக் கூடாது. இதே பைடன்ஸ் இனத்தில் புற ஊதாப் படத்தையும் அம்மோனியாச் சாயத்தையும் வைத்து 2013இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது.

பழைய_லென்ஸ் எழுதியது:

இத்தனை வருடமாக லென்ஸ் லென்ஸ் என்று அலைந்தேன், ஊறுகாய் ஜாடியில் முடிகிற வேலையாம். தும்பிப்பிடி, சீக்கிரம் செய்து காட்டுங்கள்.

தும்பிப்பிடி எழுதியது:

செய்துவிட்டேன். காலையில் ஒரு பூவைப் புற ஊதாவில் எடுத்து, அதையே பறித்து ஜாடிக்குள் தொங்கவிட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் நடுவை ஒட்டி மஞ்சள் அழுக்கானது மாதிரி இருந்தது, பிறகு ஆரஞ்சு, பிறகு செங்கல் நிறம். நுனி அப்படியே மஞ்சள். வெறும் கண்ணால் பார்க்கிறேன், பொட்டு அங்கே இருக்கிறது. நரம்பை ஒட்டி ஏறுகிறது, இடையில் இறங்குகிறது.

இரண்டு படத்தையும் கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். நான்கு இதழில் எல்லைகள் பொருந்துகின்றன. ஐந்தாவது ஆவியில் வாடிச் சுருண்டுவிட்டது, அதைச் சேர்க்கவில்லை.

மூன்றையும் பக்கம் பக்கமாகப் போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: ஜாடிக்குள் விடுவதற்கு முன் அந்தப் பூவைச் சாதாரண ஒளியில் ஒரு படம் எடுக்கவே இல்லை. செடியில் இன்னும் இரண்டு மொட்டு இருக்கிறது. நாளைக்குக் காற்று இல்லாவிட்டால் பார்க்கலாம்.